பன்னிரண்டாம் மாடிக்கு மேலே

ஓஸ்திராவாவில் ஒரு பழைய அடுக்ககம்.
லிஃப்டுக்கு மேலே என்ன இருக்கிறதென்று
துராஹோமிராவுக்குத் தெரியும்:
ஒரு மோட்டார், ஐந்து இரும்பு வடங்கள்,
போன மாதம் யாரோ மறந்துவிட்டுப்போன
சாப்பாட்டு டப்பா.
வேறு யாரும் இல்லை.

அதனால்தான் அவள் ஒவ்வொரு திருகையும்
இரண்டாம் முறை முறுக்கிப் பார்க்கிறாள்
என்று எழுதினால் கவிதை அழகாக முடிந்துவிடும்.
ஆனால் கூட வேலை பார்க்கும் போலந்துக்காரர் ஸ்வாவோமிர்,
ஞாயிறு தவறாமல் பூசைக்குப் போகிறவர்,
அவரும் இரண்டு முறைதான் முறுக்குகிறார்.

கட்டைவிரல் நசுங்கியபோது
அவள் வாயில் வந்தது ‘யேசு மரியே!’
அவர் வாயில் வருவதை இங்கே எழுத முடியாது.

ஏழாம் மாடி வோட்ருபா இறந்த காலையில்
‘மேலே போய்விட்டார்’ என்று
ஸ்வாவோமிர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.
மேலே என்றதும்
அவளுக்கு அந்த டப்பாதான் நினைவுக்கு வந்தது.
சிரிக்கவில்லை.
கையை எங்கே வைப்பதென்று தெரியாமல்
கொஞ்ச நேரம் சட்டைப்பைக்குள் வைத்திருந்தாள்.

பிறகு ஏழு மாடியும் படியேறினாள்,
லிஃப்ட் இன்னும் பிரிந்து கிடந்தது.
பக்கத்து வீட்டில் சாவி வாங்கி
அவருடைய பூனைக்குத் தண்ணீர் மாற்றி வைத்தாள்.
பூனை அவளை நம்பவில்லை.
கட்டிலடியிலிருந்து வெளியே வரவே
அரைமணி நேரம் ஆனது.