முப்பது விநாடி

எண்ணூர் விரைவுச் சாலையில் கேமராவை வெளியே எடுத்தால்
பத்து நிமிடத்தில் யாராவது வந்துவிடுவார்கள்.
காக்கி, இல்லையென்றால் நீலம்,
இல்லையென்றால் லுங்கியில் ஒருவர், பல் குத்திக்கொண்டே:
"எந்த சேனலு?"
சேனல் இல்லை என்றால் சந்தேகம்.
சேனல் என்றால் மேலாளர் வருவார்.
யூட்யூப் என்று சொன்ன ஒருநாள்
சிரித்துவிட்டு வழிவிட்டார்கள்.
அன்றிலிருந்து நான் யூட்யூப்,
நான்கு வருடமாக.

தண்டையார்பேட்டை அடகுக் கடைக்காரர்
லென்ஸைக் கண்ணில் வைத்துத் தெருவைப் பார்த்தார்.
"தெரு நல்லாத்தான் தெரியுது," என்றார்.
"கிராம் கணக்குல ஏதாச்சும் இருக்கா?"
இருந்தது. வளையல்.

வாடகை பேட்டரி இரண்டில் ஒன்று நடிக்கும்.
முழுப் பச்சை காட்டி வந்து
முகத்துவாரத்தில் இறங்கியதும் செத்துப்போகும்.
ஒலிக்கு லாசரஸ். கல்யாண வீடியோவுக்குப் போனது போக
மிச்ச நாட்களில் வருவான்.
தையில், வைகாசியில், ஆவணியில்
என் படம் ஊமை.
கொசஸ்தலை ஆறு பேசியதெல்லாம்
ஆடியிலும் மார்கழியிலும்தான்.

சாம்பல் குழாய் வெடித்த இரவு
நான் போரூரில் ஒரு சோப்பு விளம்பரத்துக்கு
நுரை அடித்துக்கொண்டிருந்தேன்,
வெள்ளை போதவில்லை, இன்னும் வெள்ளை, என்று
ஒருவர் சொல்லிக்கொண்டே இருந்தார்.
மறுநாள் வாட்ஸப்பில் வந்தது, நெட்டுக்குத்தாய் எடுத்தது,
பாதித் திரையை மறைத்த ஒரு கட்டைவிரல்,
மீதிப் பாதியில்
நான் காத்துக் கிடந்த அத்தனையும்.

தேசராணி மட்டும் இருந்தாள்.
மார்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து
பறியைப் பல்லில் கடித்தபடி
சேற்றைத் தடவி இறால் எடுப்பவள்.
கரையேறி, பறியை ஆணியில் மாட்டி,
நாற்பத்தொரு நிமிடம் பேசினாள்.
பெயர் சொன்னாள். தேதி சொன்னாள்.
எந்த வருடம் எந்த மீன் வராமல் போனது,
அந்த மாதம் எவன் வீட்டுக்கு மாடி எழும்பியது.
லாசரஸ் ஹெட்போனுக்குள்ளேயே அழுதான்.
படம் கிடைத்துவிட்டது என்று
அன்று திருவொற்றியூரில் இரண்டு பிரியாணி சொன்னோம்.

பங்குனியில் போன் வந்தது.
"யம்மா, நான் பேசுனத எடுத்துடு.
பெரியவனுக்கு உள்ள காண்ட்ராக்ட்டுல வேல போட்டுக்கீறாங்க.
ஹெல்மட்டு குட்த்துக்கீறாங்க."
பின்னால் யாரோ அந்த ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்துச்
சிரிக்கும் சத்தம்.

ஒப்புதல் தாள் என்னிடம் இருந்தது.
நீல மையில் அவள் கையெழுத்து,
'ரா'வின் கால் அடுத்த வரிவரை இறங்கியிருந்தது.
அதை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன் என்பதையும்
இங்கே சொல்லிவிடுகிறேன்.
பிறகு நாற்பத்தொரு நிமிடத்தையும் எடுத்தேன்.

"படத்துக்கு மையம் இல்லை" என்று
ஒரு விழாவிலிருந்து எழுதினார்கள். மரியாதையாகத்தான்.
மையம் அப்போது மூன்றாம் ஷிஃப்டுக்கு
ஷேர் ஆட்டோ பிடித்துக்கொண்டிருந்தது.

நேற்று ஹார்ட் டிஸ்க்கைத் துழாவியபோது
இன்னொரு கோப்பு.
பேசி முடித்ததும் எல்லாரையும் அசையாமல் நிறுத்தி
வீட்டின் சும்மா ஒலியை முப்பது விநாடி பிடிப்பான் லாசரஸ்,
வெட்டுக்கும் வெட்டுக்கும் நடுவே பூச.
"எதுவும் பேசாதீங்கக்கா."
"அதுக்கா இத்தினி பேரு வந்தீங்க?"
அதற்குப் பிறகு அவள் பேசவில்லை.

மின்விசிறியின் கட்டை இறக்கை. கண்டெய்னர் லாரி ஒன்று
சுவர் அதிரக் கடக்கிறது.
ஆணியில் தொங்கும் பறியிலிருந்து
தரையில் சொட்டு.
சொட்டு.
சேறு காய்ந்த முழங்கை
பிளாஸ்டிக் நாற்காலியில் உரசுகிறது,
இருபத்தாறாவது விநாடியில் ஏதோ சொல்ல வந்ததுபோல்
ஒரு மூச்சு உள்ளே போகிறது.
வெளியே வருவதற்குள் கோப்பு முடிந்துவிடுகிறது.

இதைப் பேச்சில் சேர்ப்பதா என்று தெரியவில்லை.
அவளிடமே கேட்கலாமென்று இரண்டு முறை போன் போட்டேன்.
மணி அடித்துக்கொண்டே இருந்தது.
காலை பதினொன்று.
வற்றம் இறங்கியிருக்கும்,
அவள் வாயில் பறி இருக்கும்.