அரை மூட்டை பேரிக்காய்

பூட்டை உடைக்காதீர்கள் என்றார் வக்கீல் பிச்சைமணி.
உங்கள் வீட்டுப் பூட்டானாலும்.
மின்சாரத்தைப் பிடுங்காதீர்கள்,
தண்ணீர்க் குழாயில் கை வைக்காதீர்கள்,
நாலு ஆளை ஏற்றிக்கொண்டு ஜீப்பில் போய் நிற்காதீர்கள்.
உடையவர் என்பதால் உங்களுக்கு இருப்பது
தாவா போடும் உரிமை.
போடுவோம்.

பெருமாள்மலையில் பதினான்கு சென்ட்.
வடக்கே ஓடை, கிழக்கே கான்வென்ட் வேலி,
தெற்கே வண்டிப்பாதை,
மேற்கே யாருடையது என்று பத்திரம் சொல்லாத சரிவு.
இந்த நான்கெல்லைக்குள் ஒரு தகரக் கூரை,
ஒரு பேரிக்காய் மரம்.
அப்பா செத்த பிறகு
வில்லங்கச் சான்றில் மட்டும் நான் அங்கே போய் வந்தேன்.

விற்கலாமென்று ஒருநாள் நேரில் ஏறினேன்.
என் புகைபோக்கியில் புகை.
என் கொடியில் யாரோ ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் பாவாடை.
சூசைமாணிக்கம் வாசலுக்கு வந்து
"வாங்கம்மா, குளிருது, உள்ள வாங்க" என்றார்.
என் வீட்டில் எனக்கு டீ போட்டுக் கொடுத்தார்.
குடித்தேன். சர்க்கரை கூடுதல்.
எப்போது காலி செய்வீர்கள் என்றேன்.
அவர் மனைவி லில்லிபுஷ்பம்
டம்ளரை வாங்கிக்கொண்டு போனவள்
திரும்பி வரவில்லை.

பிரதிவாதி தரப்பில் ஒரு இளம் வக்கீல்,
கோட்டுக்குள் ஸ்வெட்டர்.
என் கட்சிக்காரர் வந்த வருஷம் மலையில் குறிஞ்சி பூத்தது,
இப்போது மறுபடியும் பூத்து உதிர்ந்துவிட்டது,
சட்டம் கேட்கும் பன்னிரண்டு வருஷத்துக்கு
இந்த மலையே சாட்சி என்றார்.
கோர்ட்டில் ஒருவர் தலையாட்டியதைப் பார்த்தேன்.
எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

ஆனால் பன்னிரண்டு மட்டும் போதாதாம்.
பகையும் வேண்டுமாம்.
ஊரறிய, ஒளிக்காமல், விடாமல்,
இது உன்னுடையதல்ல என்னுடையது என்று
உடையவள் முகத்துக்கு நேரே இருந்திருக்க வேண்டுமாம்.
அதற்குப் பெயர் எதிரிடை அனுபவம்.
இரக்கம் கேட்டு இருந்தவனுக்கு நிலமில்லை,
எதிர்த்து இருந்தவனுக்கு உண்டு.
நான் எழுதாத சட்டம் அது.

பிச்சைமணி எழுந்தார்.
ஆடி மாதம் திண்டுக்கல்லுக்கு ஏதாவது அனுப்புவீர்களா?
"பேரிக்கா சார். அரை மூட்டை. வருஷா வருஷம்."
யாருக்கு?
"அம்மாவுக்குத்தான்." என்னைக் காட்டினார்.
விலாசம் எப்படித் தெரியும்?
"அலமாரியில பழைய தீர்வை ரசீது கெடந்துச்சு."
ஏன் அனுப்பினீர்கள்?

இளம் வக்கீல் நாற்காலியை விட்டுப் பாதி எழுந்தார்.
அதற்குள் சொல்லிவிட்டார் சூசைமாணிக்கம்,
கேட்டவருக்கு இதுகூடவா தெரியாது என்கிற மாதிரி:
"மரம் அவங்களுது சார்."

தட்டச்சு செய்யும் பெண் அதையும் அடித்தாள்.

பார்சல் ரசீதுகள் பதினொன்று என்னிடம் இருந்தன.
பிரியத்தால் அல்ல.
காகிதத்தை எறியாத குடும்பம் எங்களுடையது.
முதல் மூட்டை வந்தபோது
அப்பா வைத்த காவலாள் என்று நினைத்துக்கொண்டேன்.
நினைத்துக்கொண்டேனா?
யாரென்று கேட்டு ஒரு கார்டு போட்டதில்லை.
நறுக்கி உப்பும் மிளகாயும் தொட்டுத் தின்றோம்.
"நீங்கள் தின்றது நல்லதாகப் போயிற்று"
என்றார் பிச்சைமணி, படியிறங்கும்போது.

தீர்ப்பு ஆறு பக்கம்.
சொத்து வாதிக்குரியது. மூன்று மாதத்தில் சுவாதீனம் ஒப்படைக்க வேண்டும்.
அமீனா வரும்வரை அவர்கள் காத்திருக்கவில்லை.
நான் போனபோது வீடு பெருக்கியிருந்தது.
சாவி ஜன்னல் விளிம்பில்.
பக்கத்தில் அரை மூட்டை, வாய் தைத்து.
மரத்தில் ஒரு காய் இல்லை.
மீதிப் பாதியை
எப்போதும்போல் அவர் எடுத்துக்கொண்டிருக்கிறார்.

அதற்கும் ஒரு வழக்கு உண்டா என்று
நான் யாரையும் கேட்கவில்லை.
ரசீதுகளைத் திருப்பித் தரச் சொல்லி மனுப் போட்டேன்.
மேல்முறையீட்டுக் காலம் முடியட்டும் என்றார்கள்.
நூலில் கோத்து, எண் குத்தி,
வாதி தரப்பு ஆவணமாக
அவை கொடைக்கானல் கோர்ட்டில்
ஒரு இரும்புப் பீரோவுக்குள் இருக்கின்றன.