றப்பர் வளையம்

கவென்றியில், ரயில் பாதைக்குப் பின்னால்
வரிசையாய் நிற்கும் வாடகைக் கராஜுகளில் பதினேழாவது.
சனிக்கிழமை. மழை கூரைத் தகரத்தில்
யாரையோ திட்டிக்கொண்டிருந்தது.

மோட்டச் சைக்கிளை இடப்பக்கம் சரித்துக் கிடத்தினோம்,
காய்ச்சல்காரப் பிள்ளையைக் கிடத்துவதுபோல அல்ல,
லாடம் அடிக்க மாட்டைக் கிடத்துவதுபோல.
இப்பிடிச் சரிச்சால் எண்ணெய் வடிக்கத் தேவையில்லை
என்றாள் துஷாந்தினி.
முன்னும் பின்னும் சிவப்பு எல் தகடு.
நூற்றிருபத்தைந்து சிசி. மூன்று கை மாறிய வண்டி.
எனக்கு, சரியாய் எண்ணினால், கை ஒன்றரை.

இடது கையின் சுண்டுவிரலும் மோதிரவிரலும்
பார்சல் கிடங்கின் உருளைப் பட்டையோடு போய்விட்டன.
மிச்ச மூன்றும் பேனை பிடிக்கும், பின்னல் போடும்,
கிளச் பிடிக்காது.
பயிற்சித் திடலில், கூம்புகளுக்கு நடுவே,
பத்தொன்பது தரம் நின்றுபோனது எஞ்சின்.
இருபதாவதைக் கொலின் எண்ணவில்லை;
தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார்.

ஸ்கூட்டர் வாங்கன் என்றார்கள் எல்லாரும்.
விடிய நாலு மணிக்கு வேலை முடிந்து
முதல் பஸ்ஸுக்கு ஒன்றரை மணித்தியாலம் நிற்கிறவளுக்கு
எது என்றாலும் போதும்தானே, என்ற குரலில்.
எனக்குக் கியர் வேணும்.
ஒன்று, இரண்டு, மூன்று என்று
காலால் நானே ஏற வேணும்.

மூடியைக் கழற்றினாள். ஒன்பது போல்ட்.
ஒன்பதையும் ஒரு சப்பாத்துப் பெட்டி அட்டையில்
அதே வட்டமாய்க் குத்திவைத்தாள்.
உள்ளே தட்டுகள்: ஒன்று உராயும், ஒன்று வழுக்கும்,
ஒன்று உராயும், ஒன்று வழுக்கும்.
எங்கட கலியாண வீட்டுப் படம் மாதிரி, என்றாள்.
சிரித்ததில் கிளிப் ஒன்று தெறித்து
இருட்டுக்குள் போய் இருபது நிமிடம் தின்றது.

புதுத் தட்டுகள் இரவு முழுக்க எண்ணெயில் ஊறிக் கிடந்தன,
என் கேக் தட்டத்தில்.
அதில் இனிக் கேக் இல்லை.
புதிய பாகம் உள்ளங்கை அகலம்.
சரிவுகளுக்குள் சின்ன எஃகுக் குண்டுகள்.
எஞ்சின் மெல்லச் சுழன்றால் அவை தூங்கும்.
வேகம் கூடினால் விளிம்புக்கு ஓடி, சரிவில் ஏறி,
தட்டோடு தட்டை நெருக்கும்.
மந்திரம் ஒன்றும் இல்லை.
சுற்றுகிற சுற்றில் வெளியே எறியப்படுவதும்
ஒரு பலம்.

இதில ஓடிப் பாஸ் பண்ணினால்
லைசென்சில ஒரு எண் விழலாம், தெரியும்தானே?
இது மட்டும்தான் ஓடலாம் எண்டு.
தெரியும்.
ஏழு வருஷம் என் விசாவில் ஒரு வரி இருந்தது.
கோட்டுக்குள்ளே ஓட்டப் பழகினவள்தான் நான்.

கடைசியில் ஒரு சோதனை.
கிளச் பிடியை நாங்கள் கழற்றவில்லை, அது இருந்த இடத்தில்.
கறிவேப்பிலைக் கட்டில் வந்த றப்பர் வளையத்தை
பிடியில் மாட்டி, ஹாண்டிலோடு இழுத்துவிட்டாள்.
ஸ்டார்ட் பண்ணு.
முறுக்கு.
எஞ்சின் எழும்பியது. இருவரும் குனிந்து பார்க்க
ஒருவரும் தொடாத பிடி
கால் அங்குலம்
தானாக உள்ளே மடங்கியது.

காணாது, இன்னும் கொஞ்சம் வேணும், என்று
ஸ்பானர் தேடினாள் துஷாந்தினி.
எனக்கு அந்தக் கால் அங்குலத்தை
இன்னொருக்கால் பார்க்க வேண்டியிருந்தது.
முறுக்கினேன். விட்டேன். முறுக்கினேன்.
பெற்றோல் உன்ர அப்பன்ர காசே, என்றாள்.

அடுத்த கிழமை கொலின் முதலில் இருந்து எண்ணத் தொடங்கினார்.
மத்தியானம் வரை ஒன்றுகூட ஆகவில்லை.

இன்று விடிய நாலு பத்து.
ஃபோல்ஸ்ஹில் வீதிச் சந்தியில் சிவப்பு.
முதலாம் கியரில் வண்டி,
இடது கை மடியில், சும்மா.
பச்சை விழுந்தும் கொஞ்சநேரம் இருந்தேன்,
பின்னால் ஒருவரும் இல்லை,
நின்றுபோகாமல் நிற்பது
எப்படி இருக்கிறது என்று பார்க்க.