முதல் வாரத்துச் சொற்கள்

புதன்கிழமை இரவு ஏழு மணி.
கிரிம்ஸ்பி நூலகத்தின் மாடியறை.
ஹீட்டர் ஒரு பக்கம்தான் சுடும்.
அந்தப் பக்கத்து நாற்காலிக்காகவே
ஒன்பது பேரும் சீக்கிரம் வந்துவிடுவோம்.

ஹேசல் டீச்சர் பலகையில் எழுதினார்: கெட்.
பொருள் எழுதவில்லை.
மழையில் நனைவதும் கெட்டாம்.
பஸ்ஸில் ஏறுவதும் அதுவே, இறங்குவதும் அதுவே.
சம்பளம் வாங்க, சளி பிடிக்க, கல்யாணம் ஆக,
பொழுது இருட்ட,
யாரோ சொன்ன ஜோக் புரிய,
எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சொல்.
கத்தி கேட்டு வந்தவர்களுக்கு
ஒரு சாக்குப்பையைக் கொடுத்து அனுப்பினார்.

பெரிய சொற்கள் எங்களை ஏமாற்றியதே இல்லை.
மீன் பதனிடும் ஆலையில்
ருமியானாவுக்கு 'ரெஃப்ரிஜரேஷன்' தெரியும்,
'கன்டாமினேஷன்' தெரியும்.
படம் போட்டு, சிவப்பில் அடிக்கோடிட்டு
சுவரில் முகம் காட்டி நிற்பவை அவை.
சின்னதுகள்தான்
கதவைத் தட்டாமல் உள்ளே வந்து
வீட்டு ஆள் மாதிரி உட்கார்ந்துகொள்ளும்.

ஒரு வியாழக்கிழமை.
மகன் போயனுக்குக் கடைவாய்ப் பல் வலி,
டாக்டர் கொடுத்த நேரம் மூன்று மணி.
'கேன் ஐ கோ' என்பதை
காலை பஸ்ஸில் பதினோரு முறை சொல்லிப் பார்த்திருந்தாள்.
அவள் கேட்பதற்கு முன்பே
சூப்பர்வைசர் நெவில் அறைக்குக் கூப்பிட்டார்,
கதவைச் சாத்தினார்,
தன் பூட்ஸைப் பார்த்துச் சொன்னார்:
"வீ ஹேவ் டு லெட் யூ கோ."

லெட்: முதல் வாரத்துச் சொல். அனுமதி.
கோ: முதல் நாளே படித்தது.
ஹேவ் டு என்றால் கட்டாயம்.
கூட்டிப் பார்த்தாள், கணக்கு உதைக்கவில்லை.
கட்டாயம் உன்னைப் போக விடுகிறோம்.
கேட்காமலே கொடுக்கிற மனுஷர்!
"தேங்க் யூ, தேங்க் யூ வெரி மச்" என்று
அவர் கையைப் பிடித்துக் குலுக்கினாள்.
நெவில் அழுதார் என்று சொல்ல மாட்டேன்.
மூக்கைத் துடைத்துக்கொண்டார்.
அந்தக் குளிரில் எல்லோருக்கும் அப்படித்தான்.
இந்த மொழியில் மூக்கு ஒழுகுவதில்லை, ஓடுகிறது.

பல்லைப் பிடுங்கியாயிற்று.
பையனுக்கு ஐஸ்கிரீம்.
வர்னாவிலிருக்கும் தங்கைக்குப் போன் போட்டு
நெவிலின் குணத்தைப் பற்றி அரைமணி நேரம்.

வெள்ளி, விடியற்காலை ஐந்தரை.
கேட்டில் அட்டையைத் தேய்த்தாள்.
சிவப்பு விளக்கு.
கோட்டில் துடைத்துவிட்டு மறுபடியும் தேய்த்தாள்.
காவலாளி கண்ணாடியைத் தள்ளி எட்டிப் பார்த்தான்:
"வேலை செய்யலையேம்மா."

அவன் அட்டையைத்தான் சொன்னான்.

அடுத்த புதன்,
ஹீட்டர் பக்கத்து நாற்காலி
யாரும் பேசிவைக்காமலே காலியாக இருந்தது.
ருமியானா எல்லாவற்றையும் சொன்னாள்.
இறந்தகாலம் ஓரிடத்திலும் பிசகவில்லை.
"அது மென்மையாகச் சொல்கிற முறை" என்றார் ஹேசல்.
"யாருக்கு மென்மை?" என்றாள்
எரித்திரியாக்காரி செனாய்ட்.
டீச்சர் மார்க்கரின் மூடியைத் திறந்தார்,
எதுவும் எழுதாமல் மூடினார்.
நான் ரொட்டி அடுப்பில் சுட்டுக்கொண்ட விரலை
ஊதிக்கொண்டிருந்தேன்.
ஆற இரண்டு வாரம் ஆகும். அதற்கும் கெட்தான்.

அப்புறம் வீட்டுப்பாடம்.
கெட் வைத்து மூன்று வாக்கியம்.
ருமியானா எழுந்து நின்று படித்தாள்:

ஐ டிட் நாட் கெட் இட்.
ஐ காட் இட் ஆன் ஃப்ரைடே.
ஐ ஆம் கெட்டிங் அனதர் ஜாப்.

"கடைசி வாக்கியத்தில் காலம் சரியா?" என்று கேட்டாள்.
"சரி" என்றார் ஹேசல். "எப்போது கிடைத்தது?"
"இன்னும் இல்லை" என்று
நோட்டை மூடிவிட்டு
கைகளை ஹீட்டர் பக்கம் நீட்டினாள்.