கூட்டக் குறிப்பு

ஹப்புத்தளையில் மூடுபனிக்கு
சாத்திய ஜன்னல் ஒரு பொருட்டில்லை.
அச்சுப் புத்தகம் என்றால் பூஞ்சணம், துடைத்துவிடலாம்.
பிரெயில் தாளில் ஈரம் ஏறினால்
எழுத்தே உட்கார்ந்துவிடும்.
“இந்தப் பக்கம் பேச மாட்டேங்குது மிஸ்”
என்றார் சவரியப்பன், விரலை எடுக்காமல்.

அலுமாரிக்குள் ஒரு பல்பை எரியவிட்டேன்.
கண் தெரியாதவர்களின் அலுமாரிக்கு வெளிச்சமா,
சபையின் கணக்காளர் சிரித்தார்.
சூட்டுக்கு, என்றேன்.
பொறுப்பேற்ற வருடத்தில்
நான் சரியாகச் செய்தது அது ஒன்றுதான்.

மற்றதெல்லாம் என் குரல்.
சாயந்தரங்களில் கதவடைத்து,
ரயில் கடக்கும்வரை நிறுத்தி, மறுபடி தொடங்கி,
நாற்பத்தொரு கசெட்.
நீதிக்கதை, பொன்மொழி, மனச்சாந்தி,
இன்னாருக்கு இன்னது போதும் என்று
நானே அளந்து போட்ட அரிசி.
தபாற்பையில் போனவை தபாற்பையில் திரும்பின.
ஒருவரும் முன்னுக்குச் சுற்றி அனுப்பவில்லை,
அதனால் தெரிந்தது:
எல்லா நாடாவும் ஏறக்குறைய
ஒரே இடத்தில் நின்றிருந்தது.
பத்தாவது நிமிடம்.

பங்குனியில் வாசகர் கூட்டம் வைத்தேன்.
வேன் பிடித்துப் பதினொரு பேர்.
ஆளுக்கொரு நிகழ்ச்சி நிரல் கொடுத்தேன்,
அச்சடித்தது.

மேக்கணக்குக் கோகிலமணி
தாளைத் தடவினாள், திருப்பித் தடவினாள்,
மூக்கருகே கொண்டுபோனாள்.
“மை வாசம் நல்லாருக்கு. என்னா எழுதியிருக்கு?”
முதலில் யாரும் சிரிக்கவில்லை.
பிறகு பதினொரு பேரும்.
நான் கடைசியாக.

அவளுக்கு வேண்டியது ஈ.பி.எஃப் கடிதம்.
இருபத்துமூன்று வருடக் கொழுந்து
அந்தத் துண்டுக்குள் இருக்கிறதாம்.
“காசு எவ்வளவுன்னு மகன் சொல்லிருவான்.
எம் பேர எப்படி எழுதியிருக்கான்னு
நானே பாக்கணும்.”
சவரியப்பனுக்குத் துப்பறியும் நாவல்,
கொலைகாரன் யாரென்று
குரலிலேயே காட்டிக்கொடுக்காத ஆள் வாசித்தது.
(என்னைத்தான் சொன்னார்.)
சாதாரண தரம் எழுதப்போகும் பையன்
முக்கோணம் கேட்டான்.
தொட்டுப் பார்க்கக்கூடிய முக்கோணம்.
ரத்னசீலி சிங்களத்தில் ஏதோ கேட்டாள்,
நாங்கள் பதில் சொல்வதற்குள்
வேன்காரன் ஹோர்ன் அடித்தான்.
அது இன்னும் கிடப்பில்.

அன்றிலிருந்து தலைமை கோகிலமணி.
சபைக்கு மனு எழுதச் சொல்வது அவள்,
எந்தக் கசெட்டை அழித்து
எதைப் பதிய என்பதும் அவள்.
எனக்குக் கூட்டக் குறிப்பு.
சட்டத்துக்குள் தாளைச் செருகி,
வலமிருந்து இடமாக, தலைகீழாய்
ஊசியால் குத்திக் குத்தி எழுதுகிறேன்.
ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம்,
மணிக்கட்டில் ஒரு வலி.

நேற்று வாசித்துக்கொண்டு வந்தவள்
முதல் வரியிலேயே நின்றாள்.
“தலைமை-ல ஒரு புள்ளி கூட இருக்கு மிஸ்.”
கூடின புள்ளியை
நகத்தால் அழுத்திப் படுக்கவைத்தாள்.
“சரி. அடுத்தது?”