கொஞ்சம் சிக்கல்

அம்பகாமக் காட்டோரம், காலை ஆறரை.
முகக்கவசத்துக்குள் என் மூச்சே எனக்குப் புழுக்கம்.
முழந்தாளிட்டுச் சுரண்டிய மண்ணில்
ஒரு சாண் அகலத்துள் மூன்று மிதிவெடி,
அவற்றுக்கு அடியில் இன்னொன்று.
விசில் ஊதினேன்.
கோல்றொயிட் வந்தார். குனிந்து வெகுநேரம் பார்த்தார்.
“கொஞ்சம் சிக்கல்” என்றார்.

கொஞ்சமாம்!
எங்கள் பக்கம் பால் பொங்கி வழிந்தாலே
ஐயோ என்ற சத்தம் அடுத்த வளவுக்குக் கேட்கும்.
இந்த மனிசன்
சாவையும் மழையையும் ஒரே குரலில் கதைக்கிறார்,
மழையைப் பற்றித்தான் கூடுதலாக.

அவருடைய ஊரில் மதிலுக்குச் சாந்து பூசுவதில்லையாம்,
கல்லைக் கல் பிடித்தபடி இருநூறு வருசம் நிற்குமாம்.
ஆக்களும் அப்படியோ என்று கேட்டேன்.
யோசித்து, சில வேளை என்றார்.
தேத்தண்ணி வாளிக்கு முன்னால்
சமையல்காரப் பெடியனுக்குப் பின்னால் நிற்பார்.
குறுக்கே வந்த ஆட்டிடம் மன்னிப்புக் கேட்பார்.
யசோமலர் சிரிப்பாள். நானும் சிரித்தேன்,
அந்த வியாழக்கிழமை வரை.

அன்று ஒரு சிவப்புத் தடியை
அவர் கால் அரை அடி தாண்டிவிட்டது.
ஆரும் காணவில்லை. நான் மட்டும்.
நானும் சொல்லியிருக்க மாட்டேன்.
பின்னேரம் பிழைக் கொப்பியில் கிடந்தது
அவர் கையெழுத்தில் அவர் பெயர்:
கவனக்குறைவு, ஒரு நாள் வேலை நிறுத்தம்.
அடுத்த நாள் முழுக்க மரநிழலில் குந்தியிருந்து
எங்கள் தண்ணிப் போத்தல்களை நிரப்பினார்.

இரண்டு பக்கக் கட்டளையும் கேட்டு வளர்ந்தவள் நான்.
கட்டளையிட்டவர் எவரும்
தன் பெயரைப் பிழைப் பக்கத்தில் எழுதி
நான் கண்டதில்லை.

ஒருநாள் ஒட்டுசுட்டான் போகும் வழியில்
எங்கள் வன்னியன் தோற்ற இடமென்று
அவருடைய ஆக்கள் நட்ட கல்லைக் காட்டினேன்.
இதை எந்தக் கொப்பியில் எழுதினீங்கள் என்றேன்.
தொப்பியைக் கழற்றினார்.
இரண்டு தரம் வாசித்தார்.
அதற்கும் அதே சொல்தான்.
ஆனால் காதுமடல் சிவந்திருந்தது.

அந்தச் சொல்லை நான் களவெடுத்தேன்.
வயிற்றுக்குத்துக்கு, வட்டிக்காரனுக்கு,
கிணறு வற்றியதற்கு,
எல்லாவற்றுக்கும் கொஞ்சம் சிக்கல்.
சொல்லச் சொல்ல முதுகு நிமிர்ந்தது, உண்மை.

போன கிழமை கச்சேரியில்
காணாமற்போன தம்பியின் கோப்பைப் புரட்டியவன்
இதில் என்ன பிரச்சினை என்றான்.
பதினோராவது தரம்.
நுனிநாக்கு வரை வந்தது அந்தச் சொல்.
விழுங்கினேன்.

ஐயோ என்றேன்
அடுத்த கந்தோருக்குக் கேட்க.