ஓட்டில் எழுதிய பேர்

சௌராஸ்தா சந்தை மாடியில்
ஏழு வெள்ளிக்கு வாங்கினேன், அட்டை போன புத்தகம்.
ஏதென்ஸ்காரர்கள் வேண்டாதவன் பேரை
உடைந்த பானை ஓட்டில் கீறிப் போடுவார்களாம்.
ஆறாயிரம் ஓடு சேர்ந்தால்
பத்து வருஷம் அவன் ஊருக்கு வெளியே.
வீடு அவனுடையதே, வயல் அவனுடையதே.
என்ன குற்றம் என்று
யாரும் சொல்ல வேண்டியதில்லை.

ஜெலுத்தோங் அடுக்குமாடி, சி புளோக்,
பூப்பந்துத் தளத்தில் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம்.
செயலாளர் சௌரிமுத்து இருக்கலாமா, போகலாமா.
தண்ணீர்க் காசு கட்டாத வீட்டுக் கதவில்
தொகை எழுதித் தாள் ஒட்டுகிறவர்.
என் கதவிலும் ஒட்டினார்.
இரண்டு மாதம். நூற்றுப் பத்து வெள்ளி.

லியோங் அங்கிள் கண்ணாடியை மறந்துவிட்டார்.
மக்சிக் ரொகாயாவுக்குக் கைநடுக்கம்.
ஆவுடையம்மாள் தன் பேரைத் தவிர
வேறு பேர் எழுதிப் பழகாதவள்.
நீதான் திருத்தமாய் எழுதுவாய் என்றார்கள்.
கையில் இருந்தது பச்சை மைப் பேனா.
கேட்டவர்களுக்கு எழுதினேன்.
பிறகு
கேட்காதவர்களுக்கும்.

குடத்தில் ஓலை போட்டு ஆளைத் தேர்ந்தவர்கள் நாம் என்று
பொங்கல் மேடையில் வருஷா வருஷம் மார்தட்டுகிறோம்.
குடம் உடைந்தால் அதே கை
சில்லைப் பொறுக்கும் என்று ஒருத்தரும் பேசுவதில்லை.
தமிழில் ஓட்டில் என்றால்
இரண்டும்தான்.
ஓடு என்றால் சில்லு. ஓடு என்றால்
போய்விடு.

எண்ணியவர் சௌரிமுத்துவே.
செயலாளர் அல்லவா, சட்டம் அப்படி.
ஒவ்வொரு தாளாய்ப் பிரித்து
தன் பேரைத் தானே உரக்கப் படித்தார்,
ஐம்பத்து மூன்று முறை.
பாதிக்கு மேல் பச்சை.
குரல் ஒரு இடத்திலும் பிசகவில்லை.
ரொட்டிக்காரன் ஹாரன் அடித்தபோது மட்டும்
நிறுத்தி, மறுபடி தொடர்ந்தார்.

அங்கே ஒரு பாழ்கிணற்றில்
நூற்றுத் தொண்ணூறு ஓடுகள் கிடைத்தனவாம்.
எல்லாவற்றிலும் ஒரே ஆள் பேர்,
எழுதிய கைகள் பதினாலே பதினாலு.
புத்தகத்தில் அந்த வரிக்குக் கீழே
யாரோ பென்சிலால் கோடு போட்டிருக்கிறார்கள்.
நான் இல்லை.

செவ்வாய் இரவு கதவு தட்டி வந்தார்.
புதுச் செயலாளர் நான்.
கணக்குப் புத்தகம், தண்ணீர்த்தொட்டிச் சாவி,
லிஃப்ட்காரன் நம்பர்.
பெற்றுக்கொண்டேன் என்று எழுதித் தரச் சொன்னார்.
மேசையில் பேனா தேடினேன்.

வேண்டாம் என்று
தன் சட்டைப்பையிலிருந்து
நீலம் ஒன்றை நீட்டினார்.